கார்த்தேஜ் நகரத்துச் சிப்பிரியான்

எகிப்து நாட்டு மணலுக்கு ஓர் இயல்பு உண்டு. அதில் புதைந்த நாணற்புல் தாள் எளிதில் மக்கிப் போவதில்லை. பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன் குப்பையென்று எறியப்பட்ட கடிதங்களும் வரிக் கணக்குகளும் விண்ணப்பங்களும் அங்கே தோண்டி எடுக்கப்பட்டு ஆராய்ச்சியாளர் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றுள் ஒருவகை விண்ணப்பம் 1893ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேறியது. பின்னர் அதே வகையில் நாற்பதுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. எல்லாம் கி. பி. 250ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகந்தான். இன்ன ஊரில் வாழும் இன்னாராகிய நான் எக்காலமும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன்; இப்பொழுதும் உங்கள் கண்ணெதிரே பானப்பலி வார்த்து, பலி செலுத்தி, பலிப்பொருளையும் உண்டேன்; இதற்குச் சான்று அளிக்க வேண்டுகிறேன் என்பது அதன் சாரம். கீழே அதிகாரிகளின் கையொப்பம் இருக்கும்.

இவற்றுள் ஒன்று ஔரேலியா அம்மோனூஸ் என்ற பெண்ணுக்கு உரியது. அவள் எகிப்தியரின் முதலைத் தெய்வத்துக்குப் பூசை செய்யும் பூசாரிணி. தெய்வத்துக்குத் தொண்டு செய்தே வாழ்ந்த ஒருத்திகூட, தான் தெய்வங்களை வணங்குகிறவள்தான் என்று சர்க்காரிடம் சீட்டு வாங்க வேண்டியிருந்தது! டேசியுஸ் சக்கரவர்த்தியின் ஆணை அத்துணை விரிந்தது. அவர் 249ஆம் ஆண்டில் அரியணை ஏறியவர். தான்யூப் நதிக்கரையில் கோத்தியர் படையெடுத்துக் கொண்டிருந்தனர்; உள்நாட்டிலோ ஒரு தளபதி மாற்றி ஒரு தளபதி தன்னையே சக்கரவர்த்தி என்று அறிவித்துக்கொண்டிருந்தான். தேவர்கள் மனங்குளிர்ந்தால் ரோமப் பேரரசு பிழைக்கும் என்று டேசியுஸ் நம்பினார் போலும். குடிமக்கள் அனைவரும் பலியிட வேண்டும் என்று ஆணை பிறந்தது. மறுத்தவர்களுக்குச் சிறையும் சித்திரவதையும் நாடு கடத்தலும் காத்திருந்தன; சிலருக்கு மரணமும் நேர்ந்தது.

அந்தச் சீட்டு ஒரு மனிதருடைய வாழ்க்கையை எவ்வாறு உருவாக்கிற்று என்பதையே இன்று தங்கள்முன் எடுத்துரைக்க விரும்புகிறேன். அவர் பெயர் சிப்பிரியான். வட ஆப்பிரிக்காவில், இன்றைய தூனிசியா நாட்டின் கடற்கரையில் இருந்த கார்த்தேஜ் நகரத்து மேற்றிராணியார், அதாவது அந்நகரக் கிறிஸ்தவர்களின் ஆயர். சமயத்துக்காக உயிர் விட்டோரைக் கிறிஸ்தவர்கள் வேதசாட்சிகள் என்று போற்றுவர். அவர்களுள் சிப்பிரியான் முன்வரிசையில் வைக்கப்படுகிறவர். ஆனால் அவர் வரலாற்றை முதன்முறை படித்தபோது என்னைத் திகைக்க வைத்தது வேறொரு செய்தி. வேதகலாபனை வந்த முதல் வேளையில் இவர் ஓடி ஒளிந்தவர்.

சிப்பிரியானின் இளமையைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செல்வக் குடியிலே பிறந்தார். சொல்வன்மைக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியராய்ப் பெயர் பெற்றார். நீதிமன்றத்துக்கும் அரசியலுக்கும் அக்காலத்தில் அக்கலையே வாயில். 246ஆம் ஆண்டளவில், செசிலியான் என்ற முதிய குருவின் நட்பால் கிறிஸ்தவரானார். தம் உடைமையில் பெரும்பகுதியை ஏழைகளுக்கென்று விற்றார். ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் மக்கள் அவரை ஆயராகத் தேர்ந்தனர். நெடுங்காலமாகத் தொண்டாற்றி வந்த மூத்த குருமார் ஐவருக்கு இது பிடிக்கவில்லை. நேற்று வந்தவன் இன்று தலைமேல் உட்கார்ந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அந்த ஐவரின் மனத்தாங்கல் பின்னே பெருந்தீயாக வளர்ந்தது.

250ஆம் ஆண்டு ஜனவரியில் ரோமாபுரியின் ஆயர் பபியான் உயிர் துறந்தார். கார்த்தேஜிலோ விளையாட்டரங்கில் கூடிய கும்பல், சிப்பிரியானைச் சிங்கத்துக்குப் போடு என்று கூக்குரலிட்டது. அவர் நகரை விட்டு மறைந்தார். எங்கே இருந்தார் என்பதை நம்பிக்கைக்குரிய சிலரே அறிவர். அரசாங்கம் அவர் சொத்துக்களைப் பறிமுதல் செய்தது. ஓராண்டுக்கு மேல் அவர் தம் மக்களைக் கடிதம் மூலமாகவே ஆண்டார்.

இதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயரை இழந்து நின்ற ரோமாபுரிக் குருமாரிடமிருந்து கார்த்தேஜ் குருமாருக்கு ஓர் ஓலை வந்தது. ஓநாய் வரக் கண்டு மந்தையை விட்டு ஓடும் கூலிக்கார மேய்ப்பனைப் பற்றிய நற்செய்தி உவமையை அது நினைவூட்டிற்று. பெயர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அவ்வோலை சிப்பிரியான் கைக்கும் வந்தது. சொல்வன்மை ஆசிரியரல்லவா? அவர் சினந்து மறுமொழி எழுதவில்லை. எழுதியவர் இன்னார், பெறுவோர் இன்னார் என்பது இவ்வோலையில் தெளிவாக இல்லை. எழுத்தும் கருத்தும் தாளுங்கூட ஐயந் தருகின்றன. இது மெய்யாகவே தாங்கள் எழுதியதுதானா என்று பாருங்கள் எனக் கேட்டு, ஓலையையே திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு, மறைவிலிருந்து தாம் எழுதிய கடிதங்கள் பதின்மூன்றின் படிகளை ரோமாபுரிக்கு அனுப்பி, தாம் உடலால் அகன்றிருந்தும் கடமையால் அகலவில்லை என்று காட்டினார். தாம் ஊரில் இருந்தால் கலகம் மிகும், அதனால் மற்றவர்களுக்கே துன்பம் என்பது அவர் கூறிய காரணம். அது முழு உண்மையா, அச்சமும் அதில் கலந்திருந்ததா? உள்ளத்தை யார் அளந்தார்? பொந்தியுஸ் என்ற அவருடைய தியாக்கோன், அதாவது திருத்தொண்டர், பின்னாளில் ஆயரின் வரலாற்றை எழுதினார். அதில் இந்த ஓட்டத்துக்குச் சமாதானம் கூற அவர் எடுத்துக்கொள்ளும் பாட்டைப் பார்த்தால், பழிச்சொல் எளிதில் அடங்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

கார்த்தேஜில் நடந்ததோ வெட்கக்கேடு. அதைச் சிப்பிரியானே எழுதி வைத்திருக்கிறார். கைது செய்யப்படும் வரை காத்திராமல் கிறிஸ்தவர்கள் கூட்டங் கூட்டமாகக் கோயில் மேட்டுக்கு ஓடினர். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் தள்ளிப்போட்டபோது, இன்றே முடித்துவிடுங்கள் என்று மன்றாடியவர்களும் உண்டாம்! சிலர் பலியிட்டனர். சிலர் சாம்பிராணி மட்டும் போட்டனர். வேறு சிலர் ஒன்றும் செய்யாமலே, பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டனர்.

இந்தக் கடைசி வகையினரை அலட்சியமாக ஒதுக்கிவிட வேண்டாம். செலெரினுஸ் என்பவர் ரோமாபுரியிலிருந்து கார்த்தேஜ் சிறையிலிருந்த லூசியானுக்கு எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. தம் சகோதரிகள் தவறிவிட்டார்களே என்று உயிர்ப்புப் பெருவிழா நாளிலும் அழுதவர் அவர். அப்பெண்களுள் ஒருத்தி பலியிடப் புறப்பட்டு, 'மூன்று விதித் தேவியர்' என்னும் சிலைகள் இருந்த இடம் வரையில் ஏறி, அங்கே பணத்தைக் கொடுத்துவிட்டுப் பலியிடாமலே இறங்கிவிட்டாள். பின்னர் அவர்கள் துறைமுகத்துக்குச் சென்று, கார்த்தேஜிலிருந்து தப்பி வந்த அறுபத்தைந்து பேரை அழைத்துவந்து பேணினார்கள். அந்தப் படியிலேயே நின்றுவிட்ட பெண்ணைக் குற்றவாளி என்பதா, பாவம் என்பதா?

புயல் ஓய்ந்தபோது இக்கேள்விதான் திருச்சபை முழுவதையும் பிளந்தது. தவறியவர்கள் திரும்பி வந்தனர். சிறையில் வதைபட்டும் மறுதலிக்காத வீரர்களிடம் போய்ச் சமாதானச் சீட்டு வாங்கிவந்தனர். முதலில் அதிகாரியிடம் ஒரு சீட்டு. இப்போது வீரரிடம் ஒரு சீட்டு. இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் சபையில் ஏற்றுக்கொள்ளவும் என்று பொத்தாம்பொதுவாக எழுதிய சீட்டுகள்! சேர்ந்தவர்கள் என்றால் இருபது பேரா, முப்பது பேரா என்று சிப்பிரியான் கேட்டார். லூசியான் மேலும் ஒருபடி சென்று, வீரர் எல்லோரும் சேர்ந்து தவறியவர் எல்லோருக்குமே மன்னிப்பு அளித்துவிட்டதாக ஆயருக்கே எழுதிவிட்டார். பழைய மனத்தாங்கலை மறவாத மூத்த குருமாரும், பெலிசிசிமுஸ் என்ற தியாக்கோனும் இதைப் பற்றிக்கொண்டு, உடனே எல்லோரையும் சேர்த்துக்கொள்ளத் தலைப்பட்டனர்.

அவர்களை மறுத்துப் பேச வேண்டியவரோ, மறைவிடத்தில் இருந்தவர். உடம்பில் ஒரு தழும்பும் இல்லாதவர், தழும்பேறிய உடம்புகளைப் பார்த்து, மன்னிக்கும் அதிகாரம் உமக்கில்லை என்று சொல்ல வேண்டும். இதைவிட இக்கட்டான நிலை ஒரு தலைவருக்கு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதைச் சொன்னார். 251இல் உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் நகருக்குத் திரும்பி, ஆப்பிரிக்க ஆயர்களைக் கூட்டினார்.

அப்போது எதிர்ப்பு மறுதிசையிலிருந்தும் வந்தது. ரோமாபுரியில் புதிய ஆயராகக் கொர்னேலியுஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். நொவாசியன் என்ற கற்றறிந்த குரு அதை ஏற்காமல் தாமே போட்டி ஆயரானார். தேவர்களுக்குப் பலியிட்டவனுக்குத் திருச்சபையில் இடமே இல்லை, சாகும் தறுவாயிலும் இல்லை என்பது அவர் கட்சி. ஒருபுறம் இன்றே வா என்ற கூட்டம். மறுபுறம் என்றுமே வராதே என்ற கூட்டம்.

சிப்பிரியானின் விடை, ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது. இதைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றை இன்று படித்தாலும் மனம் நெகிழ்கிறது. அழைப்பு வந்தவுடனே தானாக ஓடிப்போய்ப் பலியிட்டவனும், நெடுநேரம் போராடி வேறு வழியின்றிப் பலியிட்டவனும் ஒன்றாவார்களா? தன்னோடு குடும்பத்தாரையும் இழுத்துக்கொண்டு போனவன் ஒருவன்; மனைவி மக்களும் வீட்டாரும் தப்பட்டும் என்று தான் ஒருவனே போய் அந்தப் பழியைச் சுமந்தவன் மற்றொருவன்; அவன் தன் வீட்டில் அகதிகளுக்குப் புகலிடமும் கொடுத்தான். இவர்களை ஒரே தராசில் நிறுப்பது கொடுமை என்றார். சீட்டு மட்டும் வாங்கியவர்களை விசாரணைக்குப் பின் ஏற்றுக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் நெடுங்காலம் தவம் புரிய வேண்டும், மரணத் தறுவாயில் அவர்களுக்குச் சமாதானம் மறுக்கக் கூடாது என்று ஆயர்கள் முடிவு செய்தனர். இரண்டோர் ஆண்டில் மீண்டும் கலாபனை வரும்போலத் தோன்றவே, தவத்தில் நிலைத்திருந்த அனைவரையும் சேர்த்துக்கொண்டனர். ஆயுதமின்றி ஒருவனைப் போர்க்களத்துக்கு அனுப்பலாகாது என்பது அப்போது சொன்ன காரணம். முதலில் கண்டிப்பாக இருந்த சிப்பிரியானே இவ்வளவு தூரம் இறங்கி வந்தார். மனம் மாறிவிட்டீரே என்று கேட்டவர்களும் உண்டு. காலத்தின் தேவை மாறியதைக் காரணமாகக் காட்டி அவர் விளக்கம் தந்தார்.

இதற்கிடையே பெருங்கொள்ளைநோய் பரவிற்று. அதன் குறிகளைச் சிப்பிரியான் விவரித்து எழுதியிருப்பதால், வரலாற்றாசிரியர் அதற்குச் 'சிப்பிரியான் கொள்ளைநோய்' என்றே பெயரிட்டுவிட்டனர். பாவம், நோயை எதிர்த்துத் தொண்டு செய்தவர் பெயர் நோய்க்கே வந்து வாய்த்தது! பிணங்களைத் தெருவில் போட்டுவிட்டு மக்கள் ஓடிய காலத்தில், அவர் கிறிஸ்தவர்களைக் கூட்டி, நம்மவருக்கு மட்டுமன்றி நம்மை வதைத்தவர்களுக்கும் தொண்டு செய்ய வேண்டும் என்று ஏவினார். நுமிதியாவில் கொள்ளைக்காரர் பிடித்துச் சென்ற மக்களை மீட்க, கார்த்தேஜில் 1,00,000 செஸ்தெர்ஸ் நாணயம் திரட்டி அனுப்பினார். கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் கூடவே அனுப்பி, அவர்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

பிரிவினைக்காரர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்பது பற்றி ரோமாபுரி ஆயர் ஸ்தேவானுடன் மூண்ட தகராறு தனியே பேச வேண்டிய பெரும்பொருள். செல்லாது என்றார் சிப்பிரியான். செல்லும் என்றார் ஸ்தேவான். 256 செப்டம்பர் முதல் நாள் கார்த்தேஜில் கூடிய 87 ஆயர்களும் சிப்பிரியான் பக்கம் நின்றனர். பின்னாளில் மேற்குத் திருச்சபை ஏற்றுக்கொண்டது ஸ்தேவானின் கட்சியைத்தான். என் எளிய கருத்தில், இந்த ஒரு பொருளில் சிப்பிரியான் காட்டிய பிடிவாதம், தவறியவர்களிடம் அவர் காட்டிய நிதானத்துக்கு ஒத்ததன்று.

257ஆம் ஆண்டில் வலேரியன் சக்கரவர்த்தி மீண்டும் கலாபனை தொடங்கினார். இம்முறை குறி பொதுமக்கள்மேல் அன்று, தலைவர்கள்மேல். ஆகஸ்டு 30ஆம் நாள் ஆளுநர் பத்தேர்னுஸ் சிப்பிரியானை வரவழைத்தார். அவர் தம்மைக் கிறிஸ்தவர் என்றும் ஆயர் என்றும் தயங்காமல் கூறினார். உம் குருமார் யார் யார் என்று ஆளுநர் கேட்டார். ரோமச் சட்டமே காட்டிக் கொடுப்போரை நன்முறையில் தடுத்திருக்கிறதே, ஆகையால் நான் சொல்வதற்கில்லை என்றார் ஆயர். எதிரியின் சட்டத்தையே கேடயமாகப் பிடித்த அந்தச் சாமர்த்தியத்தில் பழைய சொல்வன்மை ஆசிரியர் தலைகாட்டுகிறார். கடற்கரையிலிருந்த குருபிஸ் என்ற சிற்றூருக்கு அவர் நாடு கடத்தப்பட்டார்.

மறு ஆண்டில் ஆணை கடுமையாயிற்று: ஆயர், குரு, தியாக்கோன் எவராயினும் உடனே கொல்லப்பட வேண்டும். ரோமாபுரியில் ஆயர் சிக்ஸ்துஸ் ஆகஸ்டு 6ஆம் நாள் கொல்லப்பட்டார். புதிய ஆளுநர் கலேரியுஸ் மாக்சிமுஸ், சிப்பிரியானைக் கார்த்தேஜில் உள்ள தம் தோட்ட வீட்டில் தங்கியிருக்கச் செய்தார். நண்பர்கள் பலர், உயர்குடியினரும் கூட, தப்பிச் செல்ல இடம் தருகிறோம் என்று வந்தனர். அவர் மறுத்துவிட்டார். ஆனால் ஆளுநர் உத்திக்கா என்ற அயல் நகரில் தங்கி, அவரை அங்கே கொண்டுவரச் சேவகரை அனுப்புகிறார் என்று செய்தி வந்ததும், அன்பர்களே, சிப்பிரியான் மறுபடியும் ஒளிந்துகொண்டார்!

ஏன் என்பதை அவரே கடைசிக் கடிதத்தில் தெரிவிக்கிறார். ஓர் ஆயர் எந்த நகருக்குத் தலைவரோ அந்த நகரில், தம் மக்கள் நடுவில் சாட்சி பகர்வதே தகும். அயலூரில் மடிந்தால் தம் மக்களுக்குரிய பெருமை குறைந்துபோம். ஆளுநர் கார்த்தேஜுக்கு வரட்டும், நானும் வருவேன் என்பது அவர் கருத்து. சொன்னபடியே ஆளுநர் திரும்பியதும் தம் தோட்டத்துக்கு வந்து காத்திருந்தார். எட்டாண்டுகளுக்கு முன் அவர் ஏன் ஓடினார் என்ற கேள்விக்கு இந்த இரண்டாம் மறைவே தக்க விளக்கமென்று நான் கருதுகிறேன். முன்பு மக்களுக்கு ஆயர் உயிரோடு தேவைப்பட்டார். இப்போது அவர்கள் கண்ணெதிரே நிற்பது தேவைப்பட்டது.

258 செப்டம்பர் 13ஆம் நாள் இரண்டு அதிகாரிகள் வந்து அவரைத் தேரில் ஏற்றிச் சென்றனர். ஆளுநருக்கு உடல் நலமில்லை. விசாரணை மறுநாளைக்குத் தள்ளப்பட்டது. அன்றிரவு ஓர் அதிகாரியின் வீட்டில் ஆயர் காவலில் இருந்தார். செய்தி கேட்டு மக்கள் திரண்டுவந்து வாயிலருகே விடிய விடியக் கிடந்தனர். கூட்டத்தில் இளம்பெண்கள் இருப்பதையறிந்து, அவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்து சொல்லியனுப்பினாராம். நாளை தலை போகப்போகிற மனிதர்!

மறுநாள் நெடுவழி நடந்ததில் அவருடைய ஆடை வியர்வையால் நனைந்திருந்தது. காவலர்களில் ஒருவன் அருகில் வந்து, உலர்ந்த என் ஆடையை உடுத்திக்கொள்ளுங்கள் என்றான். அவன் முன்பு கிறிஸ்தவனாய் இருந்து விலகியவன் என்று பொந்தியுஸ் குறிக்கிறார். ஆயரின் வியர்வை படிந்த ஆடையைத் தான் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான் போலும். இன்றே தீர்ந்துபோகும் தொல்லைக்கு மருந்து எதற்கு என்னும் பொருள்பட ஆயர் விடை கூறினார்.

விசாரணை மிகச் சுருக்கம். சக்கரவர்த்தியின் கட்டளைப்படி சடங்கு செய்யும், செய்யேன். நன்கு எண்ணிப் பாரும். இது எண்ணிப் பார்க்க வேண்டாத அளவுக்குத் தெளிவான காரியம். ஆளுநர் வருத்தத்தோடு பலகையிலிருந்து தீர்ப்பை வாசித்தார்: வாளால் தலை வெட்டப்பட வேண்டும். இறைவனுக்கு நன்றி என்று மட்டும் சிப்பிரியான் கூறினார். எங்கள் தலையையும் சேர்த்து வெட்டுங்கள் என்று கூட்டம் கதறிற்று.

மரங்கள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. பார்ப்பதற்காக மரக்கிளைகளிலும் ஏறியிருந்தனர். ஆயர் மேலங்கியைக் கழற்றி மடித்து, அதன்மேல் முழந்தாளிட்டு வேண்டினார். உள்ளங்கியைத் தியாக்கோன்களிடம் கொடுத்துவிட்டு வெறும் சணல் உடையில் நின்றார். கொலைஞனுக்கு 25 பொற்காசு கொடுக்கும்படி சொன்னார். கண்களைத் தாமே கட்டிக்கொண்டார். கைகளைத் தாமே கட்ட இயலாமையால் ஒரு குருவும் ஒரு துணைத் தியாக்கோனும் கட்டினர். தரையில் அன்பர்கள் துணிகளை விரித்தனர். வாள் பிடித்தவன் கைதான் நடுங்கிற்றாம். இரவில் மெழுகுதிரிகளும் பந்தங்களும் ஏந்தி உடலை எடுத்துச் சென்று நல்லடக்கம் செய்தனர். சில நாட்களில் ஆளுநர் நோயால் இறந்தார். 260இல் வலேரியன் பாரசீக மன்னன் ஷாப்பூரிடம் சிறைப்பட்டார். அவர் மகன் காலியேனுஸ் கலாபனையை நிறுத்திவிட்டார்.

அவர் மடிந்த இடத்திலும் அடக்கமான இடத்திலும் பின்னர்க் கோயில்கள் எழுந்தன. துறைமுகத்தருகே இருந்த அவரது நினைவுக் கோயிலில்தான், 383இல் ஓர் இரவு, மோனிக்கா என்ற தாய் தன் மகன் தன்னை விட்டுப் போகலாகாதென்று அழுது வேண்டினாள். பொய் சொல்லி அவளை அங்கே விட்டுவிட்டு அதே இரவில் கப்பலேறிப் போன அந்த மகன், பிற்காலத்தில் புகழ்பெற்ற அகுஸ்தீன். அவரே முதிர்ந்த வயதில் ஆயராகி, சிப்பிரியான் திருநாளில் கார்த்தேஜ் மக்களுக்குப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறார். கார்த்தேஜ் 698இல் அரபியர் கையில் விழுந்தது. இப்போது இடிபாடுகளே எஞ்சியுள்ளன.

ரோமாபுரித் திருச்சபையின் பழைமையான திருப்பலி மன்றாட்டில் வேதசாட்சிகளின் பெயர்வரிசை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களிலும் அம்மன்றாட்டு தமிழில் சொல்லப்படுகிறது. அப்போஸ்தலர்களை அடுத்து வரும் ஆயர்கள் எல்லோரும் ரோமாபுரியை ஆண்டவர்கள், ஒருவரைத் தவிர. கொர்னேலியுஸ் என்ற பெயருக்குப் பின் அந்த ஒருவரின் பெயர் வருகிறது: ரோமாபுரிக் குருமார் கூலிக்கார மேய்ப்பன் என்று சாடையாகப் பழித்த அந்தக் கார்த்தேஜ்காரர்தான்.